மூன்று அங்குலம்

சத்தி ரோட்டில், டெக்ஸ்டூல் பாலம் தாண்டி,
எடைமேடைக்குப் பின்னால் என் பட்டறை.
போர்டில் கருணாம்பிகை என்று எழுதவில்லை.
‘ஸ்டெயின்லெஸ் வெல்டிங்’ என்பதோடு சரி.

சென்னியப்பன் வந்தது ஆடி மூணாம் வெள்ளி.
சோமனூர். இருபத்துநாலு தறி.
வெள்ளைக் கார், டர்போ பெட்ரோல்,
சீட்டுப் பாலித்தீனைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.
“சத்தம் வேணுங்க” என்றார்,
மேடையில் பேசுகிற குரலில்,
என் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி நின்று.

டர்போ சத்தத்தைத் தின்றுவிடும்ங்க அண்ணா.
வெளியே போகிற புகை
ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுத்தான் போகிறது,
நிமிசத்துக்கு லட்சம் சுற்று.
அதில் களைத்து மிஞ்சியதுதான்
பின்னால் நமக்குக் கேட்பது.
குழாயை அகட்டினால் வண்டிக்கு மூச்சு வரும்,
சத்தம் நீங்கள் நினைக்கிற அளவு வருமா, தெரியாது.

என் உதட்டையே பார்த்திருந்துவிட்டு
“செலவைப் பத்தி யோசிக்காதீங்க” என்றார்.

பழைய பைப்பைக் கழற்றுகையில் ஒரு நட்டு உடைந்தது.
நடுவில் தேன்கூட்டுச் சல்லடை.
அதைக் குடைந்து எறியச் சொல்கிறவர்கள் உண்டு.
நான் செய்வதில்லை, ஊரே இதைத்தான் மூச்சு விடுகிறது.
அகலமான கூடு வேறொன்று வரவழைத்தேன்.
விலையைக் கேட்டுச் சிரித்தார்,
நூல் விலைக்குப் பழகின சிரிப்பு.

மூன்று அங்குலக் குழாயை ஆப்பு ஆப்பாய் அறுத்து
வளைவைக் கோத்தேன்.
உள்ளுக்கும் ஆர்கான், வெளிக்கும் ஆர்கான்,
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்து
இரண்டையும் கலைத்தது.
ஷட்டரை இறக்கி, இடுக்கில் சாக்கு அடைத்து,
மூக்குநுனியில் ஒரு சொட்டு வியர்வை நிற்க
கம்பியை நகர்த்தினேன்.
வைக்கோல் நிறம்.
கொஞ்சம் சூடு ஏறினால் கத்தரிப்பூ.
அதுக்கும் மேலே மயில்கழுத்து.
அத்தனையும் வண்டிக்கு அடியில்,
நாயும் பூனையும்தான் பார்க்கும்.

ராத்திரி பதினொன்று, நீலாம்பூர் பைபாஸ்.
மூணாவது கியரில் அழுத்தினார்.
முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது.
அடியில், நாலு காடு தள்ளி
போர் வண்டி ஓடுகிறாற்போல ஒரு உறுமல்.
அதுக்கு மேலே, மெல்லிசாய்,
யாரோ இழுத்துக்கொண்டே போகும் ஒற்றை இழையாட்டம்
விசில்.
இத்தனை நாள் உள்ளே முணுமுணுத்துக் கிடந்தது.
எனக்குக் கை மயிரெல்லாம் நின்றது.

“விசில் கேக்குதுங்களா?”
“எந்த விசிலு?”

காலை எடுத்தார்.
வண்டி தானாய் உருண்டு ஓரத்தில் நின்றது.

பன்னெண்டு வயசில் தறிக்குப் போனாராம்.
மெல்லிசுச் சத்தமெல்லாம் முதலில் போய்விட்டது.
கொசு, குக்கர், போன் மணி.
தடிச்சது மட்டும் கொஞ்சம் பாக்கி.
“கருமத்தம்பட்டி சிக்னல்ல வண்டி ஆப் ஆயிருச்சுங்க.
தெரியாம மிதிச்சுட்டே உக்காந்திருக்கேன்.
பின்னாடி அடிச்ச ஆரனும் எட்டல.
லாரிக்காரன் எறங்கியாந்து கண்ணாடியத் தட்டுனான்.
‘செத்துட்டியாக்கும்னு நெனச்சேன்’ங்கறான்.”
கியர்த்தடியில் உள்ளங்கையை வைத்து
மறுகையால் நெஞ்சுக்குழியைத் தொட்டார்.
“இது வருதுங்க. இது போதும்.”

மறுநாள் கேட்காமலே பின் டப்பாவை மாற்றி
தடிச்சத்தத்தை இன்னும் ஒரு படி இறக்கினேன்.
விசில் அப்படியே இருந்தது.
அதுக்குக் காசு வாங்கவில்லை.

தை மாசம் திரும்பி வந்தார்,
கையில் போலீஸ் ரசீது.
“நாலு நாளைக்கு அந்தப் பழசை மாட்டிக் குடுங்க.
கொண்டுபோய்க் காமிக்கோணுமாம்.”

மூலையில் கிடந்ததைத் தூக்கினேன்.
குழாய் வாயில் வேட்டாவளியன் மண் பூசியிருந்தது.
விரலால் தட்டினேன்.
உள்ளே ஒன்று ரீங்கரித்தது.

“காலிதானுங்க?” என்று கை நீட்டினார்.

ரெண்டு நாள் கழிச்சு வாங்க என்றேன்,
உதடு நன்றாகத் தெரிய.